பம்பு நிற்கும் நாள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்த பள்ளங்களில் மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே மரக்கன்று வைத்து, ஓரிடத்தில் செயற்கை ஏரி அமைத்துப் படகும் விட்டிருக்கிறார்கள். வெறும் மண்மேட்டில் ஒரு வேம்பு வேர்பிடிப்பது லேசான காரியமல்ல. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நிலம் மீண்டதா இல்லையா என்பதை மரத்தை வைத்து முடிவு செய்துவிட முடியாது. தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். நெய்வேலியில் தண்ணீர் இன்னும் தன் பதிலைச் சொல்லவில்லை.

அங்கே கதை தொடங்கியதே தண்ணீரில்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1957-ல் வெட்டத் தொடங்கினார்கள். கரி கண்ணில் பட 1961 ஆனது. கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர்ப்படுகை ஒன்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. மேலிருக்கும் மண்பாரத்தை எடுத்தால் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இறைப்பு ஓயவில்லை.

இறைத்த தண்ணீர் பரவனாற்றில் சேர்ந்து வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பெருமாள் ஏரிக்கும் போகிறது. அதை நம்பி நடவு செய்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். மறுபக்கம், ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலே குழாயில் பொங்கி வழிந்த ஊர்களில் இன்று போரை நூற்றுக்கணக்கான அடி இறக்க வேண்டியிருக்கிறது என்பது மக்களின் நெடுநாள் குமுறல். சுரங்கம் இறைக்கிற அதே தண்ணீரால் ஒரு ஊர் விளைகிறது, இன்னொரு ஊர் தவிக்கிறது. நீர்ப் பாதிப்பைக் கணக்கிட வருகிறவர் இந்த இரண்டு ஊர்களுக்கும் போக வேண்டும்.

பம்பு ஓடுகிற வரை நிலத்தடி நீர் சுற்றுப்புறத்திலிருந்து சுரங்கத்தை நோக்கியே நகரும். நிரப்பிய மண்ணுக்குள் என்ன இருந்தாலும் அது பெரும்பாலும் வெளியே போகாது. பம்பை நிறுத்தினால் நீர்மட்டம் மெல்ல மேலேறும். உடைத்துக் கொட்டிய மண்ணும் பாறைத்துண்டும் முதன்முறையாக முழுக்க நனையும். பழைய நீரோட்டமும் மெல்லத் திரும்பும். சோதனை அன்றைக்குத்தான் ஆரம்பம்.

கரியோடு சேர்ந்து வரும் பாறைகளில் பைரைட் என்கிற இரும்பு-கந்தகக் கனிமம் இருப்பது உண்டு. பூமிக்குள் இறுகிக் கிடந்தவரை அதனால் தொல்லையில்லை. உடைத்துப் போட்டுக் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகிறது, இரும்பு கரைகிறது. நெய்வேலிக் கரியில் கந்தகம் குறைவு என்பது ஆறுதல்தான், ஆனால் அளக்காமல் இருக்க அது காரணம் ஆகாது. மண்ணில் சுண்ணாம்பு கலந்திருந்தால் அமிலம் முறிந்துவிடும், பிஎச் அளவும் ஏழை ஒட்டி நல்லபிள்ளையாகக் காட்டும். சல்பேட் மட்டும் தண்ணீரிலேயே தங்கிவிடும். இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சல்பேட் இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 400 வரை. ஆகவே பிஎச்சை மட்டும் காட்டி நற்சான்று தருகிற அறிக்கையை நான் நம்ப மாட்டேன். சல்பேட், இரும்பு, மாங்கனீசு, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) நான்கும் வேண்டும்.

மேட்டின் அடிவாரத்தில் கசிகிற நீரைக் குனிந்து பார்த்தாலே கொஞ்சம் தெரியும். காவி நிறச் சேறு படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. மேலே எண்ணெய் போலப் பளபளக்கும் ஏடு இருந்தால் குச்சியால் கலைத்துப் பார்க்க வேண்டும். கலைத்ததும் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய். கண்ணாடிச் சில்லுபோல் துண்டு துண்டாக விலகி நின்றால் அது இரும்பைத் தின்னும் நுண்ணுயிர்களின் ஏடு. கிணற்றில் மாதிரி எடுப்பதென்றால் தேங்கிக் கிடந்த நீரை முதலில் இறைத்துக் கொட்டி, டிடிஎஸ் மீட்டரில் எண் ஒரே நிலையில் நின்ற பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். அவசரத்தில் பிடித்தால் குழாயில் கிடந்த பழைய நீரின் கணக்குத்தான் வரும்.

பம்பை நிறுத்தியவர்களின் அனுபவம் ஜெர்மனியில் இருக்கிறது. கிழக்கே லவுசிட்ஸ் பகுதியிலும் இதே பழுப்பு நிலக்கரிதான், இதே திறந்தவெளிச் சுரங்கம்தான். 1990-க்குப் பிறகு பல சுரங்கங்களை மூடினார்கள். நீர்மட்டம் ஏறியது, இரும்பும் சல்பேட்டும் கசிந்து ஸ்பிரே ஆறு பல இடங்களில் காவியாக மாறியது. இன்றுவரை அரசுப் பணத்தில் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். கரி விற்ற காசு ஒரு தலைமுறைக்கு, ஆற்றைக் கழுவும் செலவு அடுத்த தலைமுறைக்கு.

அமெரிக்காவில் 1977-ல் வந்த சுரங்கச் சட்டம், தோண்ட அனுமதி கேட்கும்போதே நீருக்கு என்ன நேரும் என்று எழுதித் தரச் சொல்கிறது. நம் நாட்டில் 2009 முதல் மூடல் திட்டமும், அதற்கான தொகையைத் தனிக்கணக்கில் போட்டுவைக்கும் ஏற்பாடும் இருக்கின்றன. ஆனால் தொடக்கநிலைக் கணக்கு எங்கே? தோண்டும் முன் ஊர்க் கிணறு எத்தனை அடியில் இருந்தது, நீரில் என்ன இருந்தது என்ற ஏடு இல்லாவிட்டால் பாதிப்பை யாரும் நிரூபிக்க முடியாது. 2023-ல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் நெய்வேலி வட்டாரத்தில் எடுத்த மாதிரிகளில் பாதரசம் உள்ளிட்டவை வரம்பை மீறியதாக அறிக்கை வெளியிட்ட பிறகே பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது.

இதை விருதுநகர் மாவட்டத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். அங்குள்ள அச்சங்குளத்தில் நிலக்கரி இல்லை. 2021 பிப்ரவரியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தால்தான் நாடு அந்த ஊரின் பெயரைக் கேட்டது. வெடித்தால் எல்லோருக்கும் தெரிகிறது, மண்ணில் இறங்குவது தெரிவதில்லை. சிவகாசி, மதுரைப் பகுதி நீர் மாதிரிகளை வைத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருந்தது. உச்ச அளவு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கிற உப்பு அது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனைப் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு 4 முறை நீர்மட்டம் அளக்கிறது. பரவனாற்றங்கரை ஊர்களிலும் விருதுநகரின் வைப்பாற்று வட்டாரத்திலும் ஊராட்சிக்கு இரண்டு கிணறுகளாவது அப்படி வேண்டும். சுரங்கப் பக்கம் சல்பேட்டும் இரும்பும், பட்டாசுப் பக்கம் பெர்குளோரேட்டும் சோதனையில் சேர வேண்டும். முடிவுகளைக் கிராமசபைக் கூட்டத்தில் தமிழில் வாசிக்க வேண்டும். நெய்வேலியில் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தால்தான், அது நின்ற பிறகு ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் ஏதாவது இருக்கும்.