டெக்சாஸ் குளிருக்கும் ஓரகடம் வேலைக்கும் என்ன தொடர்பு? நீண்ட கால வானிலைக் கணிப்பு தடுமாறுவது ஏன்?

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் அதிகாலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது மப்ளர் தேவைப்படும். அதே ஆள் ஷிப்ட் முடிந்து மதியம் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

“இந்தப் பனி எப்பதான் விடும்?” என்பது நியாயமான கேள்விதான். நாளைக் காலை நிலவரம் என்றால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் ஓரளவு தெளிவாகவே சொல்லிவிடும். ஆனால், பிப்ரவரி மூன்றாவது வாரம் குளிருமா என்று முந்தைய நவம்பரில் கேட்டால், இங்கே மட்டுமல்ல, உலகத்தில் எந்த வானிலை மையத்திடமும் திட்டவட்டமான பதில் கிடையாது. சூப்பர் கம்ப்யூட்டர்களும் செயற்கைக்கோள்களும் வந்த பிறகும் இதுதான் நிலைமை.

மப்ளர் எடுப்பதா வேண்டாமா என்ற அளவில் இது சின்ன விஷயம். ஆனால் பின்குளிர்காலத்துக் குளிர் அலை ஒன்றைச் சரியாக எடைபோடாததன் விலையை, அதைக் கண்ணால்கூடப் பார்க்காத ஓரகடம் பகுதித் தொழிற்சாலைகளும் கொடுத்திருக்கின்றன.

2021 பிப்ரவரியில் நடந்தது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் வெப்பத்துக்குப் பெயர் போனது. 2020 அக்டோபரில் அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவா வெளியிட்ட குளிர்காலக் கண்ணோட்டம், லா நினா ஆண்டு என்பதால் தென் மாகாணங்களில் வழக்கத்தைவிடச் சற்று வெப்பமான குளிர்காலத்துக்கே வாய்ப்பு அதிகம் என்றது. டெக்சாஸின் மின் தொகுப்பை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு, அந்தக் குளிர்காலத்தின் உச்ச மின் தேவை 57,699 மெகாவாட் இருக்கும் என 2020 நவம்பரில் கணக்கிட்டது. 2011-ல் வந்த கடுங்குளிர் திரும்ப வந்தால்கூட 67,208 மெகாவாட்தான் என்று ஒரு மோசமான கணக்கையும் போட்டு வைத்தது.

பிப்ரவரி 14 மாலை தேவை 69,000 மெகாவாட்டைத் தாண்டியது. மின்வெட்டு செய்யாமல் இருந்திருந்தால் அது சுமார் 76,800 மெகாவாட்டுக்குப் போயிருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். டல்லாஸ் பகுதியில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, அனல்மின் நிலையங்களும் காற்றாலைகளும் நின்றன. 15-ம் தேதி அதிகாலை மொத்தத் தொகுப்பும் சரிந்து விழ இன்னும் 4 நிமிடம் 37 நொடிதான் பாக்கி என்ற நிலை வந்தது. லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள்.

அதே வாரத்தில் ஆஸ்டின் நகரில் இருந்த சாம்சங், என்.எக்ஸ்.பி., இன்ஃபினியான் நிறுவனங்களின் சிப் ஆலைகளை மின் பற்றாக்குறையால் மூடச் சொன்னார்கள். கடைசி இரண்டும் கார்களுக்கான சிப் தயாரிப்பில் பெரிய பெயர்கள். சிப் ஆலை என்பது சுவிட்சைப் போட்டதும் ஓடுகிற மாவு மில் அல்ல. ஒரு சிலிக்கான் தகடு நூற்றுக்கணக்கான கட்டங்களைக் கடந்து சிப்பாக வெளிவர மாதக்கணக்கில் ஆகும்; நடுவில் நின்றால் வரிசையில் இருப்பதில் கணிசமானது வீண். இந்த ஆலைகள் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை.

உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு ஏற்கெனவே தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 ஜனவரியிலேயே மறைமலை நகர் ஃபோர்டு ஆலை அதனால் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தியது. மார்ச்சில் ஜப்பானின் ரெனிசாஸ் ஆலையில் தீ விபத்து, அதன் பிறகு மலேசியாவில் கொரோனா ஊரடங்கு என்று அடிமேல் அடி விழுந்தது. டெக்சாஸ் குளிர் அந்த வரிசையில் ஒரு அடி. அந்த ஆண்டு ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, விற்பனை குறைந்ததற்கு சிப் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டியது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஓரகடம் ரெனோ என்று கார் கம்பெனிகளைச் சுற்றியே வாழும் பகுதி இது. உற்பத்தி குறைந்தால் இங்கே முதலில் போவது ஓவர்டைம்; அடுத்தது ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை நாள்.

முன்கூட்டியே தெரியாதா?

பாதி தெரிந்தது. வட துருவத்துக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த காற்று ஒரு பம்பரம்போலச் சுழன்றுகொண்டே இருக்கும். இதைத் துருவச் சுழல் என்கிறார்கள். சில ஆண்டுகளில் கீழிருந்து எழும் பெரிய காற்றலைகள் இந்தப் பம்பரத்தை இடித்துத் தடுமாற வைக்கும். அப்போது அந்த உயரத்தில் சில நாட்களுக்குள் வெப்பநிலை பல பத்து டிகிரி ஏறிவிடும். பம்பரம் சாய்ந்தால், துருவத்தில் அடைபட்டுக் கிடந்த குளிர்க் காற்று அடுத்த சில வாரங்களில் தெற்கே வழிய வாய்ப்பு கூடுகிறது.

2021 ஜனவரி 5-ம் தேதி அப்படி ஒரு தடுமாற்றம் நடந்தது. ‘வரும் வாரங்களில் எங்காவது கடுங்குளிர் வரலாம்’ என்று வானிலையாளர்கள் பேசத் தொடங்கினார்கள். எங்கே, எந்தத் தேதியில் என்பது அப்போது தெரியாது. டெக்சாஸ்தான் என்பது பிப்ரவரி முதல் வாரத்தில்தான் தெளிவானது. 8-ம் தேதி எர்காட் எச்சரிக்கை விட்டது. எரிவாயுக் கிணற்றுக்குக் குளிர்காப்பு உறை போட ஒரு வாரம் போதாது. அது நவம்பருக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. (துருவச் சுழலுக்கும் டெக்சாஸ் குளிருக்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.)

இந்தப் பம்பரத்தை நம்பி ஜோசியம் சொல்லவும் முடியாது. 2018 பிப்ரவரி 12-ல் அது சாய்ந்தது. அந்த மாதக் கடைசியில் பிரிட்டனே பனியில் புதைந்தது. 2019 ஜனவரி தொடக்கத்தில் மறுபடியும் சாய்ந்தது. ஆனால் 2019 பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் பதிவானது 21.2 டிகிரி. பிரிட்டனின் குளிர்கால வரலாற்றிலேயே அதுவரை இல்லாத வெப்பம்! மேலே நடந்தது ஒன்றுபோலத்தான் இருந்தது, கீழே விளைவு தலைகீழ்.

மூன்று தசமம் செய்த வேலை

இந்தத் தடுமாற்றத்தின் வேர் 1961-ல் வெளிப்பட்டது. எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் கணினியில் ஒரு மாதிரி வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்திலிருந்து திரும்ப ஓட்ட நினைத்து, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக அச்சில் இருந்த 0.506-ஐ உள்ளிட்டார். சிறிது ‘நாட்கள்’ இரண்டும் ஒன்றாகப் போயின. பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலைகளாகப் பிரிந்துவிட்டன. இன்றைய காற்றை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் ஒரு சின்னப் பிழை மிச்சமிருக்கும். அது வளர்ந்து வளர்ந்து, சுமார் இரண்டு வாரத்தில் கணிப்பையே விழுங்கிவிடும். பட்டாம்பூச்சி விளைவு என்று சினிமா வரைக்கும் வந்துவிட்ட கதை இதுதான்.

அப்படியென்றால் பருவமழைக்கு மட்டும் ஏப்ரலிலேயே கணிப்பு சொல்கிறார்களே? அது வேறு கேள்விக்கான பதில். காற்று மறதிக்காரன், கடல் அப்படியல்ல. பசிபிக்கில் எல் நினோவோ லா நினாவோ வந்தால் மாதக்கணக்கில் நிற்கும். குறிப்பாக வெப்பமண்டலத்தில், கடலின் இந்த நிதானம் ஒரு பருவத்தின் சராசரியை ஒரு பக்கம் சாய்க்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டக் கிராமத்தில் பிறந்த ஜகதீஷ் சுக்லா, ஜூல் சார்னியுடன் சேர்ந்து 1981-ல் இதை முன்வைத்தார். இந்திய வானிலைத் துறைக்கு இந்தத் தேடல் இன்னும் பழையது. அதன் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயமலையில் விழுந்த பனியை வைத்து 1886-லேயே பருவமழைக்கு முன்னறிவிப்பு கொடுத்தவர்.

சராசரி சாய்வது தெரியும், தேதி தெரியாது. குன்றத்தூர்வாசிகளுக்கு இந்த வேறுபாட்டைப் புரிய வைக்க டெக்சாஸ் வரை போகவே வேண்டாம். 2015-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட அதிகம் இருக்கும் என்று வானிலைத் துறை முன்பே சொன்னது, அது சரியாகவே இருந்தது. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகள் நிரம்பின. ஆனால் டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டும் என்பதை எந்தப் பருவக் கணிப்பும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. உபரி நீர் கால்வாய் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகத்தான் அடையாற்றுக்குப் போகிறது. ஏரியை எப்போது, எவ்வளவு காலி செய்திருக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நம்ம ஊர்ப் பனி

தமிழில் வசதியாக எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். டெக்சாஸில் விழுந்தது உறைபனி. குன்றத்தூரில் இருப்பது பனித்துளியும் மூடுபனியும். சென்னையின் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறாண்டுக்கு முந்தைய கதை. கடலோர ஊர்களில் குறைந்தபட்ச வெப்பநிலை 15 டிகிரிக்குள் வந்து, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் குளிர் அலை என்பது வானிலைத் துறையின் வரையறை. இங்கே அது அபூர்வம், பக்கத்தில் இருக்கும் வங்கக்கடல் அதற்கு விடாது.

ஆனால் தை, மாசியில் மேகமில்லாத இரவு, அசையாத காற்று, பருவமழையில் ஊறிய ஏரியும் வயலும் சேர்ந்தால் போதும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாக ஆறும்; அதை ஒட்டிய காற்றின் ஈரம் பனியாக இறங்கும். மெரினாவைவிட ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடியல் அதிகம் குளிர்வது இதனால்தான். கடலிலிருந்து ஒரு மேகக்கூட்டம் வந்து மூடினாலோ, காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலோ அன்றைக்குப் பனி இல்லை. இவ்வளவு சின்ன விஷயங்கள் முடிவு செய்வதால், பெங்களூரு நெடுஞ்சாலையில் நாளைக் காலை எதிரே வரும் லாரி தெரியுமா என்பதை முந்தைய நாள் மாலைக்கு முன்னால் உறுதியாகச் சொல்வது கடினம். போகி அன்று பழைய பாயும் டயரும் எரியும் புகை சேர்ந்துகொண்டால் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியாமல் போவதும் உண்டு.

நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வானிலைத் துறை அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பை வெளியிடுகிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கு நோக்கி 30 முதல் 60 நாட்களில் உலகைச் சுற்றும் மேடன்-ஜூலியன் அலைவு போன்றவை இதற்குக் கைகொடுக்கின்றன. முதல் இரண்டு வாரம் பரவாயில்லை. மூன்றாவது, நான்காவது வாரம் ‘இந்தப் பக்கம் சாயலாம்’ என்ற அளவுக்குத்தான்.

பருவக் கணிப்பு வரைபடத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைவு, வழக்கம்போல, வழக்கத்தைவிட அதிகம் என மூன்று பெட்டிகள். எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். ‘வெப்பம் அதிகமாக இருக்க 50 சதவீத வாய்ப்பு’ என்றால், மீதி 50 சதவீதம் மற்ற இரண்டு பெட்டிகளுக்கு. தலைப்புச் செய்தியில் இது “இந்த வருஷம் குளிரே இருக்காதாம்”னு மாறிவிடுகிறது. மூன்று மாதச் சராசரி வெப்பமாக இருந்தாலும் அதற்குள் ஒரு வாரக் கடுங்குளிர் ஒளிந்திருக்க இடம் உண்டு.

டெக்சாஸ் 2021 ஜூனில் சட்டம் போட்டு மின் நிலையங்களுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கியது. 2022 டிசம்பர் 23-ல் மீண்டும் கடுங்குளிர் வந்தது. அன்றும் மின் தேவை எர்காட் கணித்ததைவிட மிக அதிகமாகத்தான் இருந்தது, 74,000 மெகாவாட்டைத் தாண்டியது. இந்த முறை அது மின்வெட்டு உத்தரவு போட வேண்டி வரவில்லை.