ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம்

புதிதாகக் கடை திறப்பவரிடமோ, தையல் வேலை செய்யும் மகளிர் குழுவிடமோ விளம்பரத்துக்கென்று பெரிய தொகை இருக்காது. இவர்களுக்கு இன்றும் கைகொடுப்பது ஸ்க்ரீன் பிரிண்டிங். மஞ்சப்பையில் கடைப்பெயர், பனியனில் குழுவின் பெயர் எல்லாம் பெரும்பாலும் இந்த வேலைதான்.

கருவி என்று சொல்ல அதிகமில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் வலை, மையைத் தள்ள ஒரு ரப்பர் பட்டை, அவ்வளவே. முன்பு பட்டு வலை. 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றது அந்த முறைக்குத்தான்.

வித்தை இருப்பது வலையில் பூசும் பசையில். வெளிச்சம் பட்டால் அது இறுகிவிடும். படாவிட்டால் தண்ணீரில் கரைந்துவிடும். எழுத்தைக் கறுப்பாக அச்சிட்ட ஃபிலிமை வலைமேல் ஒட்டவைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டுகிறார்கள். கறுப்புக்கு அடியில் இருக்கும் பசை மட்டும் இறுகாமல் தங்கும். கழுவியதும் அங்கே வலைக்கண்கள் திறந்துகொள்ளும். மற்ற இடமெல்லாம் அடைப்பு. சட்டத்தைப் பைமேல் வைத்து, மையை ஊற்றி, பட்டையால் ஓர் இழுப்பு. கெட்டி மை அழுத்தத்தில் இளகிக் கண் வழியே இறங்கும். அழுத்தம் விட்டதும் மறுபடி கெட்டிப்படும். எழுத்தின் ஓரம் கசியாதது அதனால்தான். துணிக்கு அங்குலத்துக்கு 110 இழை போதும். விசிட்டிங் கார்டின் பொடி எழுத்துக்கு 300 வாக்கில் வேண்டும்.

ஒரு சட்டம் ஒரு நிறத்தைத்தான் தரும். நான்கு நிறம் கேட்டால் நான்கு சட்டம், நான்கு இழுப்பு, ஒன்றன்மேல் ஒன்று நூல் பிசகாமல் உட்கார வேண்டும். ஆக, 50 பை கேட்பவரின் காசைத் தின்பது நிறங்களே. கணினித் திரையில் குழைத்துக் காட்டும் வானவில் லோகோவைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே நிறத்தில் நிற்காத லோகோ சிறு கடைக்கு ஆகாது என்பது என் கட்சி. நோட்டீஸ் பல ஆயிரம் வேண்டுமென்றால் ஆஃப்செட்டுக்குப் போவதே மேல். ஆனால் நோட்டீஸ் அன்றே குப்பைக்குப் போகும். பை மாதக்கணக்கில் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போய்வரும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் துணிப்பைக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

பனியனுக்குப் போடும் பிளாஸ்டிசால் மை சுமார் 160 டிகிரி சூட்டில்தான் முழுதாகப் பிடிக்கும். சூடு குறைந்தால் சலவையில் உரியும். ஒன்றைத் துவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள்; சட்டத்தை அழிக்காமல் வைக்கச் சொன்னால் அடுத்த முறை சட்டம் தயாரிக்கும் கூலி மிச்சம்.