நீலக் கண் கேட்ட கறுப்புச் சிறுமி

ஒவ்வொரு நாள் இரவும் அந்தச் சிறுமி ஜெபம் செய்வாள்.

அவள் நல்ல சாப்பாடு கேட்கவில்லை. புதுத்துணி கேட்கவில்லை. நீல நிறத்தில் இரண்டு கண்கள் கேட்டாள்! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஓர் ஆண்டு முழுவதும் கேட்டாள்.

அவள் பெயர் பிகோலா. வயது 11. அமெரிக்காவில் கறுப்பு இனத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா குடிகாரர். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஓயாத சண்டை. கையில் கிடைத்ததை எடுத்து அடித்துக் கொள்வார்கள். அண்ணன் அடிக்கடி வீட்டை விட்டு ஓடி விடுவான். இவள் பெண் பிள்ளை. எங்கே ஓடுவாள்? போர்வைக்குள் சுருண்டு படுத்துக் கொள்வாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது.

"என் கண் அழகாக இருந்தால், அந்தக் கண்ணுக்கு முன்னால் யாரும் கெட்ட காரியம் செய்ய மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் சண்டை போட மாட்டார்கள்" என்று நினைத்தாள். அழகான கண் என்றால் வெள்ளைக்காரக் குழந்தைகளின் நீலக் கண்தான் என்பது அவள் முடிவு.

இந்த முடிவை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அதைத் தேடிப் போகிற கதைதான் "த புளூயஸ்ட் ஐ" என்ற நாவல். "எல்லாவற்றிலும் நீலமான கண்" என்பது அந்தப் பெயரின் பொருள். 1970-ம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் டோனி மாரிசன்.

இரும்பு ஆலை ஊர்

டோனி மாரிசன் 1931-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி பிறந்தார். ஊர், ஒகையோ மாநிலத்தில் உள்ள லொரெய்ன். ஈரி என்ற பெரிய ஏரியின் கரையில் உள்ள இரும்பு ஆலை ஊர் அது. அப்பா வெல்டிங் வேலை செய்யும் தொழிலாளி.

ஆரம்பப் பள்ளியில் படித்தபோது கூடப் படித்த ஒரு கறுப்புச் சிறுமி, "எனக்கு நீலக் கண் வேண்டும்" என்று இவரிடம் சொன்னாள். அந்தக் கறுத்த முகத்தில் நீலக் கண்ணை வைத்து மாரிசன் மனதுக்குள் கற்பனை செய்து பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் மீது கோபம் கூட வந்தது.

அந்தச் சொல் இருபது ஆண்டுகளுக்கு மேல் மனதை விட்டுப் போகவில்லை.

அவர் பெரிய படிப்புப் படித்து, கல்லூரி ஆசிரியை ஆனார். திருமணம் நடந்தது. பிறகு விவாகரத்து. இரண்டு ஆண் குழந்தைகளைத் தனியாக வளர்த்தார். பாடப் புத்தகம் வெளியிடும் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். பகலில் உத்தியோகம். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுத்து. அப்படி எழுதியதுதான் இந்த நாவல். அது வெளிவந்தபோது அவருக்கு வயது 39.

1960-களில் அமெரிக்காவில் "கறுப்பே அழகு" என்ற கோஷம் எங்கும் கேட்டது. நல்ல கோஷம்தான். ஆனால் நம்முடைய அழகை நாமே கூவிச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது என்று மாரிசன் யோசித்தார். அந்த யோசனையும் இந்த நாவலுக்கு ஒரு காரணம்.

1993-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 88-வது வயதில் காலமானார்.

கோப்பையில் ஒரு முகம்

இனி கதைக்கு வருவோம். கதை நடப்பது 1940, 1941-ம் ஆண்டுகளில், அதே லொரெய்ன் ஊரில். கதையைச் சொல்பவள் கிளாடியா. பிகோலாவை விட இரண்டு வயது சின்னவள்.

அப்பன் செய்த கோளாறினால் பிகோலா வீடில்லாமல் நிற்கிறாள். சில நாள் கிளாடியா வீட்டில் தங்குகிறாள். அந்த வீட்டில் ஒரு கோப்பை இருக்கிறது. அதில் ஷெர்லி டெம்பிளின் படம்.

ஷெர்லி டெம்பிள் யார் தெரியுமா? 1930-களில் ஹாலிவுட்டையே ஆட்டி வைத்த குழந்தை நட்சத்திரம். சுருட்டை முடி, கன்னத்தில் குழி. அவள் முகம் வைத்த பொம்மைகள் கடை கடையாக விற்றன.

பிகோலா அந்தக் கோப்பையில் பால் குடிக்கிறாள். மறுபடியும் குடிக்கிறாள். மூன்று குவார்ட் பால், அதாவது கிட்டத்தட்ட மூன்று லிட்டர், காலி! "இது என்ன வயிறா, வேறு ஏதாவதா?" என்கிற தோரணையில் கிளாடியாவின் அம்மா நாள் முழுவதும் புலம்பித் தீர்க்கிறாள்.

பிகோலாவுக்குப் பால் மீது ஆசை இல்லை. கோப்பையைக் கையில் பிடித்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே அத்தனை பாலும் குடித்தாள்.

மூன்று சென்ட் மிட்டாய்

இன்னொரு நாள். பிகோலா தன் செருப்புக்குள் மூன்று சென்ட் காசை வைத்துக் கொண்டு மிட்டாய்க் கடைக்குப் போகிறாள்.

வழியில் மஞ்சள் நிறத்தில் காட்டுப்பூக்கள். "இவ்வளவு அழகாக இருக்கிறதே, இதை ஏன் களை என்று பிடுங்கி எறிகிறார்கள்?" என்று நினைத்துக் கொண்டே நடக்கிறாள்.

கடைக்காரர் வெள்ளைக்காரர். அவர் பார்வை அவள் மீது படுகிறது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை! ஒரு சிறுமி நிற்கிறாள் என்பதே அந்தக் கண்ணில் பதியவில்லை. அவர் திட்டவில்லை, விரட்டவில்லை. காசை வாங்கும்போது மட்டும் அவள் கை தன் கையில் பட்டு விடக் கூடாதே என்று தயங்குகிறார். அவ்வளவுதான்.

வெளியே வந்தவள் அதே பூக்களைப் பார்க்கிறாள். இப்போது அவை அவளுக்கு அசிங்கமாகத் தெரிகின்றன. போகும்போது அழகு. வரும்போது அசிங்கம். பூ மாறவில்லை!

மிட்டாய் சுற்றிய தாளில் ஒரு படம். மஞ்சள் முடி, நீலக் கண் கொண்ட வெள்ளைக்காரச் சிறுமி. மிட்டாயைத் தின்றால் அந்தக் கண்ணையே தின்ற மாதிரி பிகோலாவுக்கு ஒரு திருப்தி.

எந்தப் பொம்மை நல்ல பொம்மை?

கதையைச் சொல்கிற கிளாடியா வேறு ரகம். கிறிஸ்துமசுக்கு அவளுக்கு நீலக் கண் பொம்மை ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. பெரியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து உருகுகிறார்கள். "அப்படி என்ன இருக்கிறது இதில்?" என்று அவள் கையைப் பிடுங்குகிறாள், காலைப் பிடுங்குகிறாள், தலையைத் திருகுகிறாள். உள்ளே, அழுகைச் சத்தம் போடும் ஒரு தகரத் துண்டுதான் இருக்கிறது!

இது கதை. இதே காலத்தில் நிஜமாகவே ஒரு பொம்மைச் சோதனை நடந்தது.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதி அதை நடத்தினார்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள். மனோதத்துவம் படித்தவர்கள். 3 வயது முதல் 7 வயது வரை உள்ள 253 கறுப்புக் குழந்தைகளைச் சோதித்தார்கள். குழந்தையின் முன்னால் பொம்மைகளை வைப்பார்கள். எல்லாம் ஒரே அச்சு. நிறமும் முடியும் மட்டும் வேறு. "விளையாட உனக்கு எது வேண்டும்?" என்று கேட்பார்கள்.

மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் கேட்டன. கடைசியாக, "உன்னைப் போல இருக்கும் பொம்மை எது?" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டதும் சில குழந்தைகள் அழுது கொண்டு அறையை விட்டே ஓடின.

வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி என்று பிரித்து வைப்பது செல்லாது என அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1954-ல் தீர்ப்புக் கூறியது. கிளார்க்கின் ஆராய்ச்சி அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம் பெற்றிருக்கிறது.

முதல் வகுப்புப் பாடம்

எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் அமெரிக்கக் குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் "டிக், ஜேன்" என்ற பாடப் புத்தகங்கள் உண்டு. அழகான வீடு, சிரிக்கும் அம்மா, பலசாலி அப்பா, அண்ணன், தங்கை, நாய், பூனை. எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அந்தப் புத்தகங்களில் ஒரு கறுப்புக் குடும்பம் தலை காட்டியது 1965-ல்தான்!

மாரிசன் அந்த மாதிரிப் பாடத்தையே நாவலின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். மூன்று தடவை வருகிறது. முதல் தடவை ஒழுங்காக இருக்கிறது. இரண்டாம் தடவை கமா இல்லை, புள்ளி இல்லை. மூன்றாம் தடவை சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று மோதிக் கொண்டு ஓடுகின்றன. அந்த அழகான வீட்டுப் பாடம் பிகோலாவின் தலைக்குள் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை இந்த ஒரு பக்கத்தில் காட்டி விடுகிறார்.

சமையல் அறையில்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் கதையில் அதுவும் இல்லை.

பிகோலாவின் அம்மா பாலின் தென் மாநிலமான அலபாமாவில் பிறந்தவள். சின்ன வயதில் காலில் ஆணி குத்தியதால் நடை சற்றுச் சாய்வு. இந்த ஊருக்கு வந்த பிறகு தனிமை தாங்காமல் சினிமாவுக்குப் போக ஆரம்பித்தாள். வெள்ளித் திரையில் வெள்ளை மாளிகைகள், வெள்ளைச் சீமாட்டிகள். ஒரு நாள் ஜீன் ஹார்லோ என்ற நடிகையைப் போலவே தலை சீவிக் கொண்டு படம் பார்க்கப் போகிறாள். அப்போது வயிற்றில் பிள்ளை. மிட்டாயைக் கடிக்கிறாள். முன்பல் ஒன்று கழன்று விழுகிறது!

அன்றோடு, தான் அழகி ஆவோம் என்ற ஆசையை அவள் விட்டாள். பிகோலா பிறந்தபோது குழந்தையைப் பார்த்து "அவலட்சணம்" என்றே நினைத்தாள். சினிமாவில் பார்த்த முகங்களோடு ஒப்பிட்ட கண்ணால் பெற்ற பிள்ளையையும் பார்த்தாள்.

பாலின் ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். ஒரு நாள் பிகோலா அங்கே போகிறாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பழப் பலகாரம் மேடையில் இருக்கிறது. பிகோலாவின் கை பட்டு அது கீழே விழுகிறது. கொதிக்கும் சாறு அவள் காலில் தெறிக்கிறது.

தாய் என்ன செய்தாள்? துடிக்கும் மகளைப் போட்டு அடித்தாள். தன்னுடைய தரை பாழாகி விட்டதாம்! அந்த வீட்டுக் குழந்தை அழுதது. அந்த வெள்ளைக் குழந்தையை வாரி அணைத்து, கண்ணைத் துடைத்து, வேறு பலகாரம் செய்து தருவதாகச் சமாதானம் சொன்னாள். அந்தச் சின்னக் குழந்தை அவளைச் செல்லமாக "பாலி" என்று பேர் சொல்லி அழைக்கும். பெற்ற மகள் அழைப்பதோ, "திருமதி பிரீட்லவ்" என்று!

இந்த நாவலிலேயே மிகக் கொடிய இடம் எது என்று கேட்டால், இந்தச் சமையல் அறையைத்தான் சொல்வேன். பின்னால் இதை விடப் பெரிய அக்கிரமம் வருகிறது. ஆனாலும் இந்த இடத்தைப் படித்து விட்டு உடனே பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

அந்த அக்கிரமம்

குடிவெறியில் பிகோலாவின் தந்தையே அவளைப் பலாத்காரம் செய்கிறான். அவள் கர்ப்பம் ஆகிறாள். அந்த மனிதனும் பிறந்த நான்காம் நாளே குப்பை மேட்டில் வீசப்பட்டவன் என்று அவன் பழைய கதையை மாரிசன் சொல்கிறார். அதற்காக அவனை மன்னித்து விடவில்லை.

இந்தப் பகுதியைக் காட்டித்தான் அமெரிக்காவில் பல பெற்றோர் இந்த நாவல் பள்ளிக்கூட நூலகத்தில் இருக்கக் கூடாது என்கிறார்கள். 2022-ல் அதிக எதிர்ப்புக்கு ஆளான புத்தகங்களில் இது மூன்றாவது என்று அமெரிக்க நூலகச் சங்கம் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் மிசௌரி மாநிலத்தில் வென்ட்ஸ்வில் பள்ளி நிர்வாகம் இதற்குத் தடை போட்டது. அடுத்த மாதமே தடையை விலக்கிக் கொண்டது. சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்கும் புத்தகம் இது அல்ல. அதை ஒப்புக் கொள்ளலாம். பெண் குழந்தையைப் பெற்றவர்கள் படிக்காமல் தள்ளி வைக்க வேண்டிய புத்தகமும் அல்ல.

விதை முளைக்கவில்லை

ஊரே பிகோலாவைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பிள்ளை பிறக்காமல் போனால் நல்லது என்கிறது. "பாவம் அந்தப் பெண்" என்று சொல்ல ஒருவர் இல்லை.

கிளாடியாவும் அவள் அக்காள் பிரீடாவும் மட்டும் வேறு மாதிரி நினைக்கிறார்கள். விதைப் பொட்டலங்களை வீடு வீடாக விற்று, சைக்கிள் வாங்கக் காசு சேர்த்திருந்தார்கள். அந்தக் காசைப் புதைத்து விட்டு, மீதி இருந்த செண்டுமல்லி விதைகளைத் தோட்டத்தில் ஊன்றுகிறார்கள். விதை முளைத்தால் பிகோலாவின் பிள்ளை பிழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

விதை முளைக்கவில்லை. பிள்ளை குறை மாதத்தில் பிறந்து இறந்தது.

பிகோலா கடைசியில் குறி சொல்லும் ஒருவனிடம் போகிறாள். நீலக் கண் கேட்கிறாள். அவன் இறைச்சியில் விஷத்தைக் கலந்து அவளிடம் கொடுக்கிறான். விஷம் என்று சொல்லவில்லை. "வாசலில் படுத்திருக்கும் கிழட்டு நாய்க்கு இதைப் போடு. நாய்க்கு ஏதாவது ஆனால் உனக்கு வரம் கிடைத்து விட்டது என்று வைத்துக் கொள்" என்கிறான். நாய் துடிதுடித்துச் சாகிறது.

பிகோலா நம்பி விட்டாள். அவள் புத்தி பேதலித்துப் போகிறது.

அதற்குப் பிறகு அவள் கண்ணாடியை விட்டு நகர்வதே இல்லை. இல்லாத ஒரு தோழியோடு ஓயாமல் பேசுகிறாள். "என் கண் நீலம்தானே?" என்று கேட்கிறாள். நீலம்தான் என்று தோழி சொல்கிறாள். சிறிது நேரத்தில் மறுபடி சந்தேகம். கடையில் இருக்கும் பெண்ணின் கண்ணை விட நீலமா? வானத்தை விட நீலமா? எங்கேயாவது ஒருத்திக்கு இதை விட நீலமான கண் இருந்து விட்டால் என்ன செய்வது? எல்லாவற்றிலும் நீலமான கண் தன்னுடையதுதானா என்று அந்தத் தோழியை மறுபடியும் கேட்கிறாள்.