உறுதி பார்ப்பார் உளர். வீடு பார்ப்பார் யார்?

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார் என்றனர் நம் முன்னோர். பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்கியவர் படும் பாட்டைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் சொல்லவில்லை.

திருகோணமலையில் ஒருவர் பழைய வீடொன்றை வாங்குகின்றார் என்று கொள்வோம். உறுதி எழுதுபவர் பிரசித்த நொத்தாரிசு. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்கு அவர் கட்டுப்பட்டவர். காணியை அளப்பவர் 2002ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டத்துக்கு அமைந்தவர். இருவரும் பயின்று, தேறி, உரிமம் பெற்றவர்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரோ விலையைப் பார்க்கின்றார். சுவரும் கூரையும் தளமும் எந்நிலையில் உள்ளன என்று வாங்குபவருக்காகப் பார்த்துச் சொல்லவென்றே பயின்று உரிமம் பெற்ற ஒரு வகுப்பார் நம்மிடையே இல்லை.

சட்டமே இல்லையோ எனின், உண்டு. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கட்டுமுன் வரைபடத்துக்கு அங்கீகாரமும் குடிபுகுமுன் இணக்கச் சான்றிதழும் பெறவேண்டும். ஆனால் அச்சான்றிதழ் வீடு பிறந்த நாளின் சாதகம் போன்றது. முப்பது ஆண்டுக் கடற்காற்றுக்குப் பின் அதன் உடல்நிலை என்ன என்பதை அஃது எங்ஙனம் உரைக்கும்?

துறைமுகத்தை அடுத்த நம் ஊர்களுக்கு இவ்வினா மிகவும் பொருந்தும். ஓர் ஊரின் பெயரே உப்புவெளி அன்றோ? கழுவாத கடல் மணலோ உவர்நீரோ கொங்கிறீற்றில் கலந்தால், உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. துரு இரும்பினும் மிகுதியான இடங்கொள்வதால் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளுகின்றது. முதலிற் பழுப்புக் கறை, அடுத்துக் கம்பியின் வழியே வெடிப்பு, பின்னர் காரை உதிர்தல். புதுச் சாந்தும் மையும் இவையனைத்தையும் சில மாதங்களுக்கு மறைத்துவிடும். நான் அறிந்த ஆசிரியர் ஒருவர் ஓய்வூதியப் பணம் முழுவதையும் இட்டு அத்தகைய வீடொன்றை வாங்கினார். முதல் மாரியிலேயே மேற்றளம் தன் கதையைச் சொல்லிற்று. உறுதியில் மட்டும் ஒரு குற்றமுமில்லை!

போருக்குப் பின் இந்திய அரசின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் வீடுகள் எழுந்தபோது, வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா எனப் பார்த்த பின்னரே அடுத்த தவணை. கொடையாளியின் பணத்துக்கு இருந்த அக்காவல் குடிமகனின் சொந்தச் சேமிப்புக்கு ஏன் இருத்தலாகாது?

பிற நாட்டாரின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வீடு பரிசோதிப்போர் வகுப்பும் தேர்வும் முடித்து உரிமம் பெறவேண்டும். கலிபோர்னியாவில் அத்தகைய உரிம விதி இல்லை. இங்கிலாந்தில், விற்பனைக்கு வரும் வீட்டின் நிலை குறித்த அறிக்கையைக் கட்டாயமாக்கக் கருதிப் பலரைப் பயிற்றினர். 2006இல் அரசு அக்கட்டாயத்தைக் கைவிட்டது. அறிக்கையின்றியே 2007இல் தொடங்கிய தகவற் கோவைத் திட்டமும் 2010இல் நிறுத்தப்பட்டது. பயின்றவர் பலர் தம் பயிற்சிக்கு உரிய தொழிலின்றி நின்றனர். பயிற்சியும் சட்டமும் இணைந்து நடவாவிடின் இரண்டும் வீணாம் என்பது இதனாற் புலனாகும்.

நமக்கு வழி புதிதன்று. கிணற்றையும் மலகூடத்தையும் நுளம்பு பெருகும் இடங்களையும் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களை முறையாகப் பயிற்றும் மரபு இந்நாட்டில் உண்டு. 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு அம்மரபின் தொட்டில்களுள் ஒன்று. அதுபோல் வீட்டின் உடலைப் பார்ப்போரையும் பயிற்றலாம். கூரை, கம்பி, மின்னிணைப்பு, நீரோட்டம் ஆகியவற்றைக் கற்பிப்பதோடு, தேர்ந்தவர் ஒருவரின் கீழ்ப் பல வீடுகளை ஏறி இறங்கிப் பார்க்கவும் செய்தல் வேண்டும்.

அனைத்தினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. பரிசோதிப்பவர் தரகரின் ஆளாக இருத்தலாகாது. தாம் கண்ட பழுதைத் தாமே திருத்தக் கூலி பேசலுமாகாது. கல்வியை வகுப்பறையிற் கற்பிக்கலாம். இந்த நடுவுநிலையைச் சட்டமே காக்கவேண்டும்.