மனை வாங்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஊதியத்தில் மிச்சம்பிடித்த பணத்தை மனையில் போடும் ஆசிரியர்கள் பலர். விற்பவர் விலையையும் சாலை வசதியையும் பற்றியே பேசுவார். வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு.

1. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா?

'ஊராட்சி அங்கீகாரம் இருக்கிறது' என்ற பதில் போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது. முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்க, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அத்தகைய மனைப்பிரிவில், பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது.

2. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா?

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஆனால், பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். பதிவாகாத உயிலும், பங்கு கேட்கக் காத்திருக்கும் வாரிசும் அதில் தெரியமாட்டார்கள். எனவே தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சொத்து கைமாறிய வரிசையையும், இறந்த உரிமையாளர்களின் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. பொது அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் விற்றால், அதை எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். அவர் இறந்திருந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

3. உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

12 இலட்சம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக ரூ.1,08,000. அடக்கவிலை ரூ.13,08,000. ஐந்தாண்டு கழித்து 16 இலட்சத்துக்கு விற்றால், '4 இலட்சம் இலாபம்' என்போம். உண்மை இலாபம் ரூ.2,92,000. அதில் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து சுமார் ரூ.38,000 போகும். மிஞ்சுவது ஏறத்தாழ ரூ.2,54,000. கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 3.6 விழுக்காடுதான். தரகுத் தொகை இதில் சேரவில்லை. கடன் வாங்கி வாங்கியிருந்தால் நட்டம்.

அவசரத் தேவைக்கு மனையை உடனே விற்கவும் முடியாது. ஆகவே, மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்கிய பணத்தை இதில் முடக்க வேண்டாம்.

4. துறைக்குத் தெரிவித்தோமா?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். அசையாச் சொத்து வாங்கினாலும் விற்றாலும் உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்ப உறுப்பினர் பெயரில் வாங்கினாலும் அப்படியே. மனை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய அனுமதியில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆவணங்களின் நகல்களை நீங்களாகத் தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துரை பெறுங்கள். நகல் தர விற்பவர் தயங்கினால், அந்த மனையை விட்டுவிடுவதே நல்லது.