மகமையும் நன்கொடைச் சீட்டும்

நம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி இது. மாலை விளக்கேற்றிக் கல்லாவில் உட்கார்ந்திருப்போம். நாலு வாடிக்கையாளர்கள் கடையில் நிற்கும் நேரம் பார்த்து, இரண்டு மூன்று பேர் ரசீதுப் புத்தகத்துடன் படியேறுவார்கள். கோயில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, கண் சிகிச்சை முகாம், அறுவைச் சிகிச்சை நிதி என்று ஏதாவது ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் முன்னால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. நூறோ இருநூறோ எடுத்துக் கொடுத்துவிட்டு, சிட்டையில் ‘தர்மம்’ என்று ஒரு வரி எழுதி மறந்துவிடுகிறோம். யார் வந்தார்கள், பணம் எங்கே போயிற்று என்று இரவு கணக்கு முடிக்கும்போது கேட்டால் நமக்கே தெரியாது. ஒரு மூட்டை சீரகம் வாங்க நாலு இடத்தில் விலை விசாரிக்கிற நாம், இந்தப் பணத்தை மட்டும் விசாரிக்காமல் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெட்டதைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் ஒரு குழந்தையின் இருதய அறுவைச் சிகிச்சைக்காக இன்னிசை நிகழ்ச்சி ஒன்று நடத்தினார்கள். கடைத்தெருவில் டிக்கெட் வாங்காத கடை கிடையாது. சுவரொட்டியில் நம் கடைப் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நமக்கும் உள்ளூர ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சி முடிந்து கணக்குக் கேட்டபோது, மேடை, ஒலிபெருக்கி, பாடகர்களின் போக்குவரத்து, சாப்பாடு என்று வசூலில் பெரும்பகுதி கரைந்துவிட்டது தெரிந்தது. யாரும் பணத்தைத் தின்றுவிட்டதாக நாம் சொல்லவில்லை. செலவு முதலில், குழந்தை பிறகு என்று கணக்கு அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதோடு கடைத்தெருவின் மனம் கசந்து போயிற்று.

அடுத்த ஆண்டு, மண்டித் தெருவில் மூட்டை இறக்குகிற ஒருவர், தம் மனைவியின் சிறுநீரகச் சிகிச்சைக்காக மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். இருபது வருடமாக நம் சரக்கைத் தோளில் சுமந்தவர். “இதுவும் போன வருஷத்துக் கதைதான்” என்று ஐம்பது ரூபாயோடு அவரை அனுப்பியவர்கள் நம்மில் பலர். கடைசியில் அந்த அம்மாளின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துத்தான் முதல் மாதச் செலவைச் சமாளித்தார்கள். அடகு வைத்த கடையும் நம் உறுப்பினர் ஒருவருடையதே. விஷயம் சங்கக் கூட்டத்துக்கு வந்த அன்று யாரும் அதிகம் பேசவில்லை. பெரியவர் ஒருவர் மட்டும், “மகமையை ஏன் விட்டோம்?” என்று கேட்டார்.

இளைய உறுப்பினர்களுக்காக மகமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாபாரத்தில் கைமாறும் சரக்கின் மீது, மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தமக்குள் பேசி வைத்துப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் தொகைதான் மகமை. நேற்று வந்த பழக்கம் அல்ல இது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. உப்பு, பாக்கு, மிளகு, நூல், இரும்பு என்று சரக்குகளை வரிசைப்படுத்தி, எதற்கு எவ்வளவு கோயிலுக்குக் கொடுப்பது என்று வணிகர்களே அதில் வெட்டி வைத்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார், அந்தந்த ஊர்க் கோயிலுக்கு மகமை செலுத்தி வந்தார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பேட்டைக்கு வரும் சரக்கின் மீது நாடார் உறவின்முறைகள் மகமை வசூலித்துக் கிணறும் சாவடியும் பள்ளிக்கூடமும் கண்டன. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள். 1903-இல் பிறந்த காமராஜர் படித்த பள்ளி அது. அவரே முதலமைச்சராகி 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியபோதும் முதலில் ஊராரின் நன்கொடையைத்தான் நம்பினார். அரசு பிறகு பங்கேற்றது.

மகமையில் ஒரு நுட்பம் உண்டு. லாபத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தால் எந்த வியாபாரியும் கணக்கைக் காட்டியிருக்க மாட்டார். நாமும் காட்ட மாட்டோம். மூட்டை அப்படியல்ல, அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பக்கத்துக் கடைக்கு எத்தனை இறங்கிற்று என்பது தெருவுக்கே தெரியும். ஆகவே சண்டையில்லை, சந்தேகமில்லை. கொடுக்கிறவரும் கேட்கிறவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டிய சங்கடமும் இல்லை. நல்ல மாதத்தில் தானாகக் கூடும், மந்த மாதத்தில் தானாகக் குறையும்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மண்டிக்காரர்கள் மூட்டைக் கணக்கிலும், சில்லறைக் கடைகள் மாதம் ஒரு நிலையான தொகையுமாகச் செலுத்துவது என்று முடிவாயிற்று. பெட்டிக்கடைகளையும் டீக்கடைகளையும் கட்டாயப்படுத்துவதில்லை. விருப்பமிருந்தால் உண்டியல் வைத்துக் கொள்ளலாம். ரசீதுப் புத்தகத்துடன் வருபவர்களைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். மூன்று பேர் கொண்ட குழு விசாரித்து, பணத்தை ஆள் கையில் கொடுக்காமல் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ நேரே கட்டிவிடுகிறது. அதே மூட்டைத் தொழிலாளியின் மனைவிக்கு இரண்டாம் ஆண்டுச் செலவில் ஒரு பகுதி இப்படித்தான் போயிற்று. சங்கிலியும் மீட்கப்பட்டது. அடகுக்கடை உறுப்பினர் வட்டியை விட்டுக்கொடுத்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

இதைத் தங்கள் ஊரில் தொடங்க நினைக்கும் சங்கங்கள் பல கேள்விகளை எழுதிக் கேட்கின்றன. பொருளாளரின் சொந்த சேமிப்புக் கணக்கில் பணம் போடலாமா என்பது அவற்றுள் ஒன்று. வேண்டவே வேண்டாம். நாளை அவருடைய வருமானமா, ஊர்ப் பணமா என்று விளக்க முடியாமல் அவரும் திண்டாடுவார், அவர் பிள்ளைகளும் திண்டாடுவார்கள். சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கும் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். உண்டியலை முத்திரையிட்டு வைத்து, கடைக்காரர் உட்பட மூவர் முன்னிலையில் திறந்து, எண்ணிய தொகையை எழுதி அந்தக் கடையிலேயே ஒட்டிவிட வேண்டும். இரண்டு ரூபாய்ச் சில்லறை போட்ட வாடிக்கையாளர் அடுத்த முறை வரும்போது அந்தத் துண்டுக் காகிதத்தைத்தான் தேடுகிறார், நாம் கவனித்திருக்கிறோம்.

வாங்குபவரிடமிருந்து பில்லிலேயே ‘தர்மம்’ என்று தனியாகப் போட்டு வசூலிக்கும் வழக்கம் சில மண்டிகளில் உண்டு. அப்படி அறத்துக்கென்றே வாங்கிய தொகை வியாபாரியின் வருமானம் ஆகாது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தப் பணம் நம்முடையது அல்லவென்றால், கல்லாவில் புரட்டிக்கொள்ளவும் நமக்கு உரிமையில்லை. தனிப் பேரேடு இல்லாதவர்கள் இந்த வழியில் இறங்காமலிருப்பது நல்லது.

வரிச்சலுகை பற்றிய கேள்விதான் அதிகம். எண்பது ஜி என்று சொல்லிப் பழகிய சலுகை, அதற்கென அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். சங்கம் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. 2017 ஏப்ரல் முதல், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும். அரிசி, போர்வை என்று பொருளாகக் கொடுத்ததற்கும் கிடையாது. தனிநபராகப் புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. நம்மில் பெரும்பாலோர் கொடுக்கும் தொகைக்கு இதனால் மிச்சமாவது சொற்பம் என்பதால், சலுகைக்காகக் கொடுப்பதாக யாரும் திட்டம் போட வேண்டாம்.

சரக்காகக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது லாரி லாரியாக அனுப்பினோம், அப்போது ஜி.எஸ்.டி. இல்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்கு பிஸ்கட்டும் தார்ப்பாயும் அனுப்பியபோது ஜி.எஸ்.டி. வந்துவிட்டிருந்தது. இலவசமாகக் கொடுத்த சரக்குக்குக் கொள்முதலில் எடுத்த இன்புட் வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. இருப்பு குறைந்து பில் இல்லாமலிருந்தால் தணிக்கையில் கேள்வி வரும். தானம் கொடுத்த சரக்கின் பட்டியலும், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் கோப்பில் இருக்கட்டும்.

ஒரு நாள் விற்பனையைக் கொடுக்கிறோம் என்று பலகை வைப்பவர்களும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்துப் பழக்கம் நாம் அறிந்தது. 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவுக்குப் பின் அந்த மாவட்டத்து டீக்கடைக்காரர் ஒருவர் அதே முறையில் டீயைக் கொடுத்து, குடித்தவர்கள் போட்ட மொய்ப்பணத்தை நிவாரணத்துக்குத் திரட்டினார். பலகை வைத்தால் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் மறுநாள் அதே பலகையில் எழுத வேண்டும். எழுதாத பலகையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. மகமை செலுத்தாத கடைகளுக்கும் ரசீதுப் புத்தகத் தொல்லை குறைந்திருக்கிறது. “நீங்கள் கட்டுகிறீர்கள், நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம்” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதாகக் கேள்வி. அவர்கள் பெயரைப் பலகையில் போட வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். செலுத்துகிறவர்கள் பெயரையே போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கும்போது இது முறையாகாது என்பது நிர்வாகக் குழுவின் கருத்து. அடுத்த பொதுக்குழுவில் இது மீண்டும் வருகிறது. கருத்துள்ளவர்கள் எழுத்தில் கொடுத்தால் அங்கே வாசிக்கப்படும்.