கைக்குத் தெரியும் சொத்தை

சொத்தைப் பல்லைக் குடையும்போது மருத்துவரின் கண்ணுக்கு முன்பே கைக்கு விஷயம் தெரிந்துவிடும். பல்லின் மேலோடான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். கடைவாய்ப் பல்லின் முகட்டில் அது சுமார் 2.5 மி.மீ. தடிமன்தான். அதைக் கடந்து அடியிலுள்ள டென்டின் அடுக்குக்குள் இறங்கியதும் எதிர்ப்பு குறையும். சொத்தை பிடித்த இடமென்றால் இன்னும் மெத்தென்று போகும். பல்லைக் குடையும் ஏரோட்டர் கருவியோ நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கை சற்றே தாமதித்தாலும் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழைத் தொட்டுவிடலாம். வெட்டிய எனாமல் திரும்ப வளராது.

எங்கே நிறுத்துவது என்ற அந்தப் பக்குவத்தை மாணவர் எங்கே பழகுவது? பொம்மைத் தலையில் பல்லைப் பொருத்திக் குடைவதுதான் நூறாண்டுக்கும் மேலான வழக்கம். ஆனால், இப்போது அதில் பொருத்தும் பிளாஸ்டிக் பல் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே பதம். கை கற்க வேண்டிய பாடமே அதில் இல்லை.

இந்தக் குறையைத்தான் தொடுவுணர்வுப் பயிற்சிக் கருவிகள் தீர்க்கப் பார்க்கின்றன. அவற்றில் ஒன்றான சிமோடான்ட்டை ஆம்ஸ்டர்டாமின் ஆக்டா பல் மருத்துவக் கல்வி நிலையமும், விமானிகளின் பயிற்சிக் கருவிகளில் பழக்கப்பட்ட மூக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. மாணவர் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து உட்கார்கிறார். ஒரு கையில் வாய்க் கண்ணாடி, மறு கையில் கைக்கருவி, காலடியில் மிதி. கண்ணெதிரே தெரியும் பல் வெறும் பிம்பம்தான். கைக்கருவியைப் பிடித்திருக்கும் இயந்திரக் கரத்தின் மோட்டார்கள்தான் விரலை எதிர்த்துத் தள்ளுகின்றன. முனை எந்த அடுக்கில் நிற்கிறது, எவ்வளவு அழுத்தம் என்று கணினி ஓயாமல் கணக்கிடுகிறது. கண்ணை நம்பவைக்க நொடிக்கு 60 படங்கள் போதும். விரலை நம்பவைக்கச் சுமார் 1,000 முறை கணக்கிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கெட்டியான எனாமல் ரப்பரைப் போல நடுங்கும்.

பல் பாழானால் ஒரு பொத்தானை அழுத்திப் புதிதாகத் தொடங்கலாம். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குறைந்த கட்டணத்துக்காகப் பல் மருத்துவக் கல்லூரியில் வரிசையில் நிற்பவரின் வாயில் ஒரு மாணவரின் முதல் தவறு நடக்கவே கூடாது.

இருந்தாலும் பிம்பப் பல்லைச் சுற்றி எச்சில் தேங்குவதில்லை, நாக்கு வந்து முட்டுவதில்லை. "கூசுது" என்று நோயாளி கையைத் தூக்கும்போது என்ன செய்வது என்பதை மாணவர், பக்கத்தில் நிற்கும் ஆசிரியரிடம்தான் இன்னமும் கற்கிறார்.